நான்கு பேர், ஒரு நேரம்: 4 × 100 மீட்டர் தொடர் நீச்சலின் கணக்கு

ஆண்கள் 4 × 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலில் ஒரு நாட்டின் நான்கு வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆளுக்கு 100 மீட்டர் நீந்துகிறார்கள். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் அது ஒரு போக்கும் ஒரு வரவும். தடகளத்தில் கைமாற்றிக் கொள்ளும் கோல் போன்ற எதுவும் இங்கே கிடையாது. நீந்தி வருபவரின் கை சுவரைத் தொட்டதும், மேடையில் காத்திருப்பவர் அவர் தலைக்கு மேலாக நீரில் பாய்கிறார். ஃப்ரீஸ்டைலில் எந்தப் பாணியில் நீந்தினாலும் விதி தடுக்காது. ஆயினும் கைகளை மாற்றி மாற்றி முன்னால் வீசி, கால்களால் நீரை உதைத்துச் செல்லும் கிரால் முறையை விட வேகமான வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்காததால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள்.

இந்தப் போட்டி 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 1976, 1980 ஆகிய இரு ஒலிம்பிக்குகளில் இது நடத்தப்படவில்லை. நடந்தவற்றில் 1996 வரை ஏழு முறையும் அமெரிக்காவே வென்றது. 2000இல் சிட்னியில் ஆஸ்திரேலியா அந்தத் தொடர்ச்சியை உடைத்தது. முதல் ஆளாக நீந்திய மைக்கேல் கிளிம் 48.18 விநாடியில் தனிநபர் உலக சாதனை படைக்க, கடைசியில் 17 வயது இயன் தார்ப் அமெரிக்காவின் கேரி ஹால் ஜூனியரை முந்தினார். 2004இல் ஏதென்ஸில் தென்னாப்பிரிக்கா 3 நிமிடம் 13.17 விநாடி என்ற உலக சாதனையோடு வென்றது. அமெரிக்கா மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. அடுத்த ஒலிம்பிக் 2008இல் பெய்ஜிங்கில் நடந்தது. தொடர் நீச்சலின் அறிவியல் முழுவதையும் ஒரே போட்டியில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அங்கே ஆகஸ்ட் 11 அன்று நடந்த இறுதிப் போட்டியே போதும்.

முதல் நாள் மாலை தகுதிச் சுற்றிலேயே அமெரிக்காவின் இரண்டாம் நிலை அணி 3:12.23 என்ற புதிய உலக சாதனையைப் படைத்திருந்தது. அந்த நால்வரில் கல்லன் ஜோன்ஸ் மட்டுமே இறுதிப் போட்டியிலும் நீந்தினார். அந்தச் சாதனைக்கு ஒரு நாள் ஆயுள்கூட இல்லை. மறுநாள் காலை நடந்த இறுதிப் போட்டியில் எட்டு அணிகளில் ஐந்து அதைத் தாண்டிவிட்டன. உலகின் அதிவேக நேரத்தை விஞ்சிய இத்தாலியும் ஸ்வீடனும் பதக்கம் ஏதுமின்றி நான்காம், ஐந்தாம் இடங்களோடு திரும்பின. ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளைக் காலையில் நடத்தியதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது மாலை நேரம், அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்கு நான்காவது தடம், பிரான்ஸுக்கு ஐந்தாவது. அமெரிக்க அணியின் முதல் ஆள் மைக்கேல் ஃபெல்ப்ஸ். 1972இல் மியூனிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸைத் தாண்டி எட்டுத் தங்கம் வெல்வது அவர் இலக்கு. அதற்கு இந்தப் போட்டியில் வென்றே ஆக வேண்டும், ஆனால் முடிவு மற்ற மூவரின் கையில் இருந்தது. ஃபெல்ப்ஸ் 47.51 விநாடியில் நீந்தினார். பக்கத்தில் மூன்றாவது தடத்தில் ஆஸ்திரேலியாவின் ஈமன் சல்லிவன் 47.24இல் சுவரைத் தொட்டார். பிரான்ஸின் அமோரி லெவோவுக்கு 47.91. இரண்டாவது ஆளாக கேரட் வெபர்-கேல் 47.02இல் நீந்தி அமெரிக்காவை முன்னுக்குக் கொண்டுவந்தார். பாதித் தூரத்தில் அமெரிக்கா பிரான்ஸைவிட 0.43 விநாடி முன்னால். மூன்றாவதாக வந்த ஃப்ரெடெரிக் பூஸ்கே அதைத் தலைகீழாக்கினார். அவருக்கு 46.63, கல்லன் ஜோன்ஸுக்கு 47.65. 300 மீட்டர் முடிந்தபோது பிரான்ஸ் 0.59 விநாடி முன்னால்.

பிரான்ஸின் கடைசி ஆள் ஆலன் பெர்னார். அன்று காலை வரை 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலின் உலக சாதனை அவருடையது: 47.50 விநாடி, அதே ஆண்டு மார்ச்சில் ஐந்தோவனில் படைத்தது. சற்று முன்புதான் சல்லிவன் அதை அவரிடமிருந்து பறித்திருந்தார். எதிரே அமெரிக்காவின் 32 வயது ஜேசன் லெசாக். சுவரில் திரும்பியபோது இடைவெளி 0.82 விநாடியாகக் கூடியிருந்தது. நீரின் அளவில் சொன்னால் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல். எஞ்சிய 50 மீட்டரில் லெசாக் அதை முழுவதும் கரைத்து, 0.08 விநாடி முந்திச் சுவரைத் தொட்டார். அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32, ஆஸ்திரேலியா 3:09.91. லெசாக்கின் 100 மீட்டருக்கு ஆன நேரம் 46.06 விநாடி. அதுவரை வேறு எவரும் அந்தத் தூரத்தை அவ்வளவு வேகமாக நீந்தியதில்லை.

இதை அதிசயம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. பெர்னார் பதற்றத்தில் சோர்ந்துபோனார் என்பதும் அன்று முதல் பலர் சொல்லிவரும் விளக்கம். எண்களைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் அப்படியே நிற்கவில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது ஆள் மாறும் இடம். தனிநபர் போட்டியிலும் தொடர் நீச்சலின் முதல் ஆளுக்கும் ஒலி கேட்ட பிறகே அசைவு தொடங்க வேண்டும். ஒலி காதில் விழுந்து, மூளை உத்தரவிட்டு, தசைகள் சுருங்கி, கால் மேடையை விட்டு நீங்குவதற்குள் 0.6 முதல் 0.75 விநாடி போய்விடுகிறது. இரண்டாவது ஆள் முதல் கடைசி ஆள் வரை இந்த இழப்பு இல்லை. அவர்களுக்கு விதி கேட்பது ஒன்றுதான்: முன்னவர் சுவரைத் தொடும் முன் பின்னவரின் கால் மேடையை விட்டு நீங்கியிருக்கக் கூடாது. உடல் அசையலாம், கைகளைப் பின்னிருந்து முன்னே சுழற்றலாம், முழு எடையையும் முன்னால் சாய்த்துவிடலாம். கால்விரல் மட்டும் மேடையில் ஒட்டியிருந்தால் போதும். எனவே காத்திருப்பவர் ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில்லை. வருபவரின் கடைசி இரண்டு மூன்று கைவீச்சுகளைக் கண்ணால் அளந்து, அவர் கை எந்தக் கணத்தில் சுவரில் படும் என்று முன்கூட்டியே கணித்துப் பாய்கிறார்.

கணிப்பு நன்றாக அமைந்தால் தொடுதலுக்கும் பாய்ச்சலுக்கும் இடையே விநாடியில் பத்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் குறைவு. பிசகினால் முழு அணியும் தகுதி இழக்கும். சுவரில் உள்ள தொடுபலகையும் மேடையில் உள்ள உணர்கருவியும் இந்த இடைவெளியை அளக்கின்றன. கருவிகளின் பிழையைக் கருதி 0.03 விநாடி வரை முந்தினால் மன்னிப்பு உண்டு. 0.04 என்றால் கிடையாது. சுழற்றிய கைகளின் உந்தமும் பாய்ச்சலுக்குத் துணை சேர்ப்பதால், ஒலிக்காகக் காத்திருந்து பாய்பவரைவிட இவர் சராசரியாக அரை விநாடி ஆதாயம் பெறுகிறார் என்று கொள்ளலாம். மூன்று மாற்றங்களில் அது ஒன்றரை விநாடி. ஓர் அணியின் நேரம் நான்கு தனிநபர் நேரங்களின் கூட்டுத்தொகையை விடக் குறைவாக வருவது இதனால்தான். முதல் ஆளின் நேரம் மட்டுமே தனிநபர் உலக சாதனையாக ஏற்கப்படுவதும் இதனால்தான். சல்லிவனின் 47.24 சாதனைப் பட்டியலில் ஏறியது. அதைவிட ஒரு விநாடிக்கு மேல் வேகமான லெசாக்கின் 46.06 ஏறவில்லை.

இந்த அரை விநாடியை வைத்துக்கொண்டு பெர்னாரைப் பார்க்கலாம். அவர் நீந்தியது 46.73. அரை விநாடி ஆதாயத்தைத் திருப்பிக் கூட்டினால் 47.23 வருகிறது. இரண்டு நாள் கழித்து அதே குளத்தில், 100 மீட்டர் தனிநபர் அரையிறுதியில் அவர் 47.20 நீந்தி உலக சாதனையை மீட்டார். சில நிமிடங்களில் சல்லிவன் 47.05 நீந்தி அதை மறுபடி பறித்தாலும், மறுநாள் இறுதிப் போட்டியில் 47.21 நீந்தித் தங்கம் வென்றவர் பெர்னார்தான். ஆக, தொடர் நீச்சலில் அவர் தன் முழுத் திறனுக்கு ஒரு துளியும் குறையாமல் நீந்தியிருக்கிறார். தோற்றவர் சோர்ந்தார் என்ற கதை, தோல்விக்கு ஒரு காரணம் தேடுகிறவர்களின் வசதிக்காக உண்டானது.

ஆனால் அந்தத் திறனை அவர் செலவழித்த விதம் வேறு விஷயம். முதல் 50 மீட்டரை பெர்னார் 21.27 விநாடியில் கடந்தார். அந்தக் கோடையில் 50 மீட்டர் தனிநபர் உலக சாதனையே 21.28தான். ஆள் மாறும் ஆதாயத்தைக் கழித்துவிட்டால் இரண்டும் சமமல்ல என்றாலும், இன்னும் ஒரு 50 மீட்டர் பாக்கி வைத்துக்கொண்டு போகிறவருக்கு அது மிகத் துணிச்சலான வேகம். லெசாக் அதே தூரத்தை 21.50இல் கடந்தார். திரும்பிய பிறகு பெர்னாருக்கு 25.46, லெசாக்குக்கு 24.56. பாய்ச்சலின் உந்துதல் முதல் 50 மீட்டருக்கு மட்டுமே கிடைப்பதால் இரண்டாம் பாதி எல்லோருக்கும் மெதுவாகவே அமையும். ஆனால் ஒருவர் 3.06 விநாடி இழந்த இடத்தில் இன்னொருவர் 4.19 இழந்திருக்கிறார்.

இந்த இழப்பின் வேர் நீரின் இயல்பில் இருக்கிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் முன்னேறும் உடலை மூன்று வகை எதிர்ப்புகள் பின்னுக்கு இழுக்கின்றன. தோலையும் உடையையும் உரசும் நீரின் உராய்வு ஒன்று. உடலின் முன்புறம் அழுத்தம் கூடியும் பின்புறம் சுழல்கள் எழுந்து அழுத்தம் குறைந்தும் உண்டாகும் எதிர்ப்பு இரண்டாவது. மேற்பரப்பில் அலைகளை எழுப்புவதில் செலவாகும் ஆற்றல் மூன்றாவது. நீருக்கடியில் போனால் இந்த மூன்றாவது வகை பெரிதும் தணிந்துவிடும். பாய்ந்ததும், சுவரில் திரும்பியதும் வீரர்கள் டால்ஃபினைப் போல உதைத்து ஆழத்திலேயே போவது அதற்காகத்தான். 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்று விதி மட்டும் இல்லையென்றால், சிலர் வெகுதூரம் மேலே வரவே மாட்டார்கள்.

இழுவை விசை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். ஆகவே முதல் பாதியில் விநாடியில் கால் பங்கைச் சம்பாதிக்கச் செலவழிக்கும் ஆற்றல், இரண்டாம் பாதியில் அதைவிடப் பெரிய கடனாகத் திரும்பிவருகிறது.

அந்தக் கடனை வசூலிப்பது தசை. தசைச் சுருக்கத்துக்கு உடனடி எரிபொருள் ஏடிபி. தசையில் இருப்பில் உள்ள ஏடிபி ஓரிரு விநாடிக்குத்தான் வரும். கிரியேட்டின் பாஸ்பேட் அதை மேலும் சில விநாடிகளுக்கு ஈடுகட்டும், பத்து விநாடியை நெருங்கும்போது அதுவும் வற்றத் தொடங்கும். அதன்பின் பெருமளவு ஆற்றல், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழியில் வருகிறது. வேகமான வழிதான், ஆனால் அதன் விளைவாகத் தசைக்குள் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். நாற்பது விநாடியை நெருங்கும்போது தோள்கள் கல்லாய்க் கனக்கும், ஒவ்வொரு கைவீச்சும் நகர்த்தும் தூரம் குறையும், இடுப்பு சற்றே தாழும். இடுப்பு தாழ்ந்தால் நீரை எதிர்கொள்ளும் பரப்பு கூடும், எதிர்ப்பும் கூடும். கடைசி 15 மீட்டரில் பெர்னாரின் கைவீச்சு குறுகியதைப் பதிவுகளில் இன்றும் பார்க்கலாம்.

லெசாக்கின் கணக்குதான் சிக்கலானது. மூன்று நாள் கழித்து 100 மீட்டர் தனிநபர் இறுதியில் அவர் நீந்தியது 47.67. பிரேசிலின் சேசர் சியெலோவோடு வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார். 46.06க்கும் 47.67க்கும் வேறுபாடு 1.61 விநாடி. ஆள் மாறும் ஆதாயம் அதில் அரை விநாடியைத்தான் விளக்கும். மீதம் ஒரு விநாடிக்கு மேல் வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஒரு பகுதி பெர்னாரிடமிருந்தே வந்தது என்று கருத வலுவான காரணம் இருக்கிறது. பெர்னார் தன் தடத்தின் நடுவில் போகாமல், நான்காவது தடத்தைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றை ஒட்டியே நீந்தினார். லெசாக்கும் அதே கயிற்றின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டார். லாரியின் பின்னால் ஒட்டிப்போகும் சைக்கிள்காரர் பெடலை மிதிக்கும் சிரமம் குறைவதைப் போல, ஒருவர் கிழித்துச் சென்ற நீரின் ஓட்டத்துக்குள் நீந்துபவருக்கு எதிர்ப்பு குறைகிறது. நேர் பின்னால் போனால் இந்த ஆதாயம் மிகப் பெரிது. திறந்த நீர்ப் போட்டிகளிலும் டிரையத்லானிலும் வீரர்கள் முன்னவரின் பாதத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் கூட்டமாக நீந்துவதற்கு அதுவே காரணம். பக்கவாட்டில், முன்னவரின் இடுப்புக்கு நேராகத் தலையை வைத்துப் போனாலும் சிறிதளவு கிடைக்கும். அலையை உடைக்கும் மிதவைக் கயிறு இடையில் இருக்கும்போது ஆதாயம் இன்னும் சுருங்கும். ஆனாலும் 0.08 விநாடியில் முடிவான போட்டியில் சுருங்கிய ஆதாயமும் சிறிதல்ல. முன்னால் போகிறவருக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. முந்தி நிற்பவர் கயிற்றை விட்டு விலகி நீந்துவதே நல்லது என்று பயிற்சியாளர்கள் அறிவுறுத்துவதும் இதனால்தான்.

இவ்வளவையும் கூட்டினாலும் லெசாக்கின் ஒரு விநாடி முழுமையாக நிரம்புவதில்லை. மிச்சத்தை அவர் கைகளுக்கே தர வேண்டியிருக்கிறது. முதல் பாதியில் ஆற்றலை மிச்சம் பிடித்ததும், துரத்துவதற்குக் கண்ணெதிரே ஒருவர் இருந்ததும், சிட்னி, ஏதென்ஸ் இரண்டிலும் அணியில் இருந்து தங்கத்தைத் தவறவிட்டவர் என்பதும் உண்மை. அவற்றின் பங்கைத் தனித்தனியே அளக்கும் கருவி எதுவும் இல்லை.

பெய்ஜிங்கில் நேரங்கள் ஒட்டுமொத்தமாகக் குறைந்ததற்குக் குளமும் உடையும் துணை நின்றன. ‘நீர்க் கனசதுரம்’ என்று அழைக்கப்பட்ட அரங்கின் குளம் மூன்று மீட்டர் ஆழம். வீரர்கள் கீழ்நோக்கித் தள்ளும் நீர் தரையில் மோதித் திரும்பி வந்து தொல்லை தர, ஆழம் இடம் தரவில்லை. பத்துத் தடங்களில் இரு ஓரத் தடங்களும் காலியாக விடப்பட்டதால் பக்கச் சுவரில் மோதித் திரும்பும் அலைகளும் அடங்கின. உடையின் கதை இன்னும் பெரியது. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் அறிமுகம் செய்த எல்இசட்ஆர் ரேசர் உடை, நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துத் தேர்ந்த துணியில் பாலியூரித்தேன் பட்டைகளைப் பொருத்தித் தயாரிக்கப்பட்டது. உடலை இறுக்கி ஒழுங்கான வடிவத்தில் வைத்து, நீரில் சற்று உயர்த்தியும் பிடித்தது. மறு ஆண்டு போட்டி நிறுவனங்கள் முழுக்கவும் பாலியூரித்தேனால் ஆன உடைகளைக் கொண்டுவந்தன. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் உடைந்தன. அதன்பின் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு 2010 ஜனவரி முதல் அவற்றைத் தடை செய்தது. ஆண்கள் இடுப்பு முதல் முழங்கால் வரை, நெய்த துணியில் மட்டும் அணியலாம் என்றாயிற்று.

கடைசியாக, அந்த 0.08 விநாடி. அந்த வேகத்தில் அது சுமார் 16 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. இப்படிப்பட்ட இடைவெளியைக் கண்ணால் தீர்ப்பது ஆபத்து. சுவரில் தொங்கும் மெல்லிய தொடுபலகை, அலை மோதினால் அசையாமல் கை அழுத்தினால் மட்டுமே மின்சுற்றை மூடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கை சுவரருகே முதலில் வந்தால் போதாது, அழுத்த வேண்டும். ஐந்து நாள் கழித்து 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் செர்பியாவின் மிலோராட் சாவிச் சுவரை நோக்கிக் கைகளை நீட்டியபடி மிதந்துவர, ஃபெல்ப்ஸ் இன்னும் ஓர் அரைவீச்சு போட்டு ஓங்கித் தட்டினார். 50.58க்கு 50.59 என்று முடிந்தது.

நூறில் ஒரு பங்கை விட நுட்பமாக அளக்கக் கருவிகளால் முடியும். முன்பு அளந்தும் இருக்கிறார்கள். 1972இல் மியூனிக்கில் நான்கு பாணிகளையும் கலந்து நீந்தும் 400 மீட்டர் தனிநபர் மெட்லேயில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஆயிரத்தில் இரண்டு விநாடியால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. நீந்தும் வேகத்தில் அது மூன்று மில்லிமீட்டர். ஆனால் ஒரு குளத்தின் தடங்களே அந்த அளவுக்குத் துல்லியமாகக் கட்டப்படுவதில்லை. 50 மீட்டரை விடச் சற்று நீளம் கூடியிருக்க விதியே இடம் தருகிறது. ஒருவர் நீந்திய தடம் பக்கத்துத் தடத்தை விடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருந்திருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பொருளே இல்லை. அதனால் விதி மாற்றப்பட்டது. இன்று நூறில் ஒரு பங்குவரை சமம் என்றால் இருவருக்கும் ஒரே இடம். லெசாக்கும் சியெலோவும் வெண்கலத்தைப் பகிர்ந்தது இந்த விதிப்படிதான்.

3:08.24 என்ற நேரத்தை ரோமின் பாலியூரித்தேன் உடைகளாலும் தாண்ட முடியவில்லை. அங்கே அமெரிக்கா 3:09.21இல் வென்றது. 2012 லண்டனில் கடைசி 100 மீட்டரில் பிரான்ஸின் யானிக் அன்யெல் அமெரிக்காவின் ரயன் லாக்டேயை முந்தித் தங்கத்தைப் பிடித்தார், 3:09.93. அதன்பின் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் அமெரிக்கா. 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆஸ்திரேலியா 3:08.97 வரை நெருங்கியது. 17 ஆண்டுக்குப் பிறகும் பழைய எண் அசையவில்லை.

லெசாக்கின் 46.06 அசைந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.40 என்ற உலக சாதனை படைத்தார். அதே வாரம் 4 × 100 மீட்டர் மெட்லே தொடர் நீச்சலின் கடைசி ஆளாக, ஃப்ரீஸ்டைலில் 45.92 நீந்தி சீனாவுக்குத் தங்கம் சேர்த்தார். அவருடைய இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.48 விநாடி, ஆள் மாறுவதால் மட்டுமே கிடைக்கும் ஆதாயத்தின் அளவு.